பில்லில் ஒரு வரி அதிகம்

கையில் ஒன்றும் இல்லாதபோது மெஷின் சிணுங்கியது.

பொருளின் மேல் அச்சடித்திருக்கும் கோடுகளைக் கவுண்டரில் பதித்த கண்ணாடி படித்ததும் ஒரு சின்ன ஒலி வருமே, அதுதான். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் கண்ணை மூடிப் படுத்தபிறகும் காதுக்குள் மிச்சமிருக்கும் ஒலி. நாலாம் கவுண்டரில் இருந்தவள் அந்த நேரத்தில் கீழே உருண்டுபோன ரப்பர் பேண்டை எடுக்கக் குனிந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை முன்னால் ஆடி, கண்ணாடியின் மேல் ஒரு நொடி படுத்து எழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அட்டை கண்ணாடியில் படுவது புதிதில்லை. அதிலும் கோடுகள் இருக்கின்றன. வேலைக்கு வந்ததும் அதைக் காட்டித்தான் மெஷினைத் திறக்க வேண்டும். பில் போடும்போது தவறிப் பட்டால் மெஷின் தொண்டையைச் செருமுவதுபோல் நீளமாக ஒரு சத்தம் போட்டு, அப்படி ஒரு பொருள் கடையில் இல்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அதை விரலால் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். இன்றைக்கு அது செருமவில்லை. சோப்புக்கும் துடைப்பத்துக்கும் எப்படிச் சிணுங்குமோ அப்படியே சிணுங்கியது. திரையில் ஒரு வரி கூடியிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. விலை மட்டும் இருந்தது. அதற்கு முந்தின வரியில் இருந்த பாத்திரம் தேய்க்கும் நாரைவிட அது மலிவு.

கடை தரைக்கு ஒரு தளம் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குழல் விளக்குகளின் ரீங்காரம், குளிர்பெட்டிகளின் உறுமல், தரை துடைத்த மருந்தின் நெடி, புதிதாகப் பிரித்த அட்டைப் பெட்டிகளின் உலர்ந்த வாசனை, இவை எல்லாம் கலந்து அங்கே வேலை செய்கிறவர்களின் தலைமுடியிலேயே குடியேறிவிடும். பில் போடுகிறவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கவுண்டர் எண்தான் பெயர். இவள் நாலு. பக்கத்தில் இருப்பவள் வயதில் மூத்தவள் என்பதால் மூணக்கா.

ஏறிவிட்ட வரியை நீக்க வேண்டுமானால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். இடுப்பில் சுருள் கயிற்றில் தொங்கும் அவருடைய சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் மெஷின் எதையும் மறக்கும். நாலு அந்த வாரத்தில் ஏற்கெனவே அவரை இருமுறை கூப்பிட்டுவிட்டாள். இரண்டாம் முறை, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி, கையால் வேலை செய்கிறாயா காலால் செய்கிறாயா என்று கேட்டிருந்தார். யாரை நிரந்தரமாக்குவது என்று மாதக் கடைசியில் முடிவு செய்பவர் அவர். நிரந்தரமானால் காலை ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் கிடைத்தால் சாயங்காலம் மகளைத் தானே பள்ளியிலிருந்து கூட்டிவரலாம். இப்போதெல்லாம் இவள் வீடு போய்ச் சேரும்போது குட்டி தூங்கிப்போயிருக்கிறாள். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்க்கிற முகம்தான் முகம். அந்த அவசரத்தில் குட்டி ஒருநாள், நீ கடையிலயே இருந்துக்கோயேம்மா, தூங்குறதுக்கு மட்டும் ஏன் வர்ற என்று கேட்டிருந்தாள். கிண்டலாகக்கூட இல்லை. சந்தேகமாக.

அதனால் நாலு சூப்பர்வைசரைக் கூப்பிடவில்லை. அற்பத் தொகை. பில்லை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. இதை எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மொத்தத்தைச் சொன்னாள், காசை வாங்கினாள், கல்லாவை மூடினாள், பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

வாங்கிய அம்மாள் யாருக்காவது அத்தையாகவோ சித்தியாகவோ இருக்கக்கூடிய வயதும் முகமும் உள்ளவள். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு ஒரு சுருள், மூடி போட்ட பெரிய தொட்டி, பூட்டு, நைலான் கயிறு, நார், சோப்பு. அவளிடமிருந்து சரியாகக் காயாத துணியின் வாசனை வந்தது. மற்றவர்களைப் போல் பில்லைக் கசக்கிப் பைக்குள் போடவில்லை. கவுண்டரின் ஓரத்திலேயே நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது. இப்போது சத்தம் போடுவாள், சூப்பர்வைசர் வருவார் என்று நாலு பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். தலையிலிருந்து இடுப்புவரை, பிறகு மறுபடியும் தலைவரை.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள். "ஒண்ண மட்டும் அப்புறமா வந்து எடுத்துக்கிறேன். இன்னிக்குக் கையில இடமில்ல."

பில்லை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

அன்று கடை அடைத்து எல்லாரும் கிளம்பினார்கள். வாசலில், திருட்டுப் பொருள் போனால் அலறும் இரண்டு தூண்கள் உண்டு. மூணக்கா போனாள், ஒன்றும் இல்லை. நாலு போனாள், தூண்கள் அலறின. வாசல் காவலாளி இவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். சீப்பு, குடை, காலி டப்பா. மறுபடி போகச் சொன்னார். மறுபடி அலறல். கடையையே தூக்கிக்கொண்டு போகிறாயா என்று சிரித்தார். மூணக்காவும் சிரித்தாள். நாலும் சிரித்து வைத்தாள். கடைசியில் சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்.

வீட்டில் கணவன்தான் தினமும் சாப்பாடு எடுத்து வைப்பான். டயர் கடையில் வேலை முடித்து வந்தபிறகு அதை ஒழுங்காகச் செய்கிறவன் அவன். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று தனக்கும் குட்டிக்கும் மட்டும் தட்டு போட்டிருந்தான். அதிலேயே சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தான். எனக்கு எங்கே என்று கேட்டபோது அவன் டிவியிலிருந்து கண்ணை எடுத்து, எங்கிருந்து சத்தம் வந்தது என்று தேடுகிறவனைப் போல் அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு அவளைக் கண்டுபிடித்து, வந்துட்டியா என்றான். அவளுக்குப் பசியும் இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் குட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். தூக்கத்தில் குட்டி வழக்கம்போல் காலைத் தூக்கி அவள் மேல் போட்டாள். போட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

"ஜில்லுனு இருக்கு," என்று தூக்கத்திலேயே முனகி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பின்கழுத்தில் அரித்தது. முடிக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில். சொறியச் சொறிய நகத்துக்கு அடியில் தோல் தட்டுப்படவில்லை; வழவழப்பாக, ஈரம் ஒட்டாத ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மூணக்காவிடம் முடியைத் தூக்கிக் காட்டினாள். இவள் காய்ச்சலில் கிடந்தால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, சூப்பர்வைசர் திட்டும்போது குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுவது எல்லாம் மூணக்காதான். அவளுக்கே வீட்டில் ஆயிரம் பாடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தெரு தள்ளி ஓடிப்போய், பூட்டைத் திறந்து, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருவாள்.

"பச்ச குத்திக்கிட்டியாடி?" என்றாள் மூணக்கா. "பச்சன்னா புருஷன் பேரக் குத்துவாங்க. நீ என்ன கோடு கோடா குத்தியிருக்க?"

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் அவளுக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. கனமான பொருட்களுக்கு நீட்டிப் பிடிக்கும் கை ஸ்கேனரை எடுத்து, அசையாம நில்லு, உன் விலை என்னன்னு பாத்துடலாம் என்று சிரித்துக்கொண்டே கழுத்துக்கு நேரே பிடித்தாள். சிவப்பு வெளிச்சம் விழுந்த இடம் சுட்டது.

மெஷின் சிணுங்கியது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். விற்பனையானது. வாடிக்கையாளர் இன்னும் எடுத்துச் செல்லவில்லை.

மூணக்கா ஸ்கேனரை மெதுவாகத் தாங்கியில் மாட்டினாள். மெஷின் கோளாறாக இருக்கும், சாரிடம் சொல்லு என்றாள். சொல்லிவிட்டு, இவள் கழுத்தைத் தொட்ட விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்ததை நாலு பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளுக்கே சங்கடமாகி, துடைத்த அந்தக் கையாலேயே இவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

சூப்பர்வைசரின் அறை, எடுத்து வைத்த பொருட்களின் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. காசு கட்டிவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறவர்களின் மின்விசிறி, பீரோ, மெத்தை எல்லாம் அங்கேதான் பெயர்ச் சீட்டு ஒட்டி நிற்கும். நாலு நடந்ததைச் சொன்னாள். திட்டுவார், நம்பமாட்டார், சிரிப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தாள். அவர் நம்பினார். அதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை. கம்ப்யூட்டரில் பில்லைத் தேடி எடுத்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு படித்தார்.

"பில் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"காசு வாங்குனது?"

"நான்தான்."

"அப்புறம் என்கிட்ட என்ன கேக்குற? கஸ்டமர் பில்லோட வரணும். அவங்க வேண்டாம்னு சொன்னாத்தான் சாவி போட முடியும்."

"சார், நான் பொருள் இல்ல சார்."

அவர் இவளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"பில்லுல இருக்கே," என்றார்.

பிறகு தொலைபேசியை எடுத்து வாசல் காவலாளியிடம், நாலை வெளியே விடவேண்டாம், கஸ்டமர் காசு கட்டின சரக்கு, ஏதாவது ஆனால் கடைதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். பின்வாசலையும் சேர்த்துச் சொன்னார். அவர்கள் வந்து எடுக்கும்வரை சும்மா நிற்காமல் பில் போடு என்று இவளைக் கவுண்டருக்கு அனுப்பினார்.

சாயங்காலம் கழிப்பறைக்குள் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். மணி நெடுநேரம் அடித்தது. குட்டிதான் எடுத்தாள்.

"குட்டி, அம்மா பேசுறேன்டா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. குழந்தைகள் புரியாத ஒன்றைக் கவனமாகக் கேட்கும்போது விடும் மூச்சு. பிறகு போனை விட்டு வாயை நகர்த்திக்கொண்டு, "அப்பா, கடையிலேருந்து யாரோ பேசுறாங்க," என்றாள்.

கணவன் வாங்கிக்கொண்டான். மரியாதையாகத்தான் பேசினான். தெரியாதவர்களிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவன். எந்தக் கடை என்று கேட்டான். நாங்கள் எதுவும் வாங்கவில்லையே, எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி அடித்தபோது யாரும் எடுக்கவில்லை.

அன்றிரவு அவளை எடுத்து வைத்த பொருட்களின் அறையில் விட்டுப் பூட்டினார்கள். விளக்கை அணைத்தபிறகு கடை இறங்கிக்கொண்டே போவதுபோல் ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. கடைசியில் குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும் சுவர் வழியாக வந்து முதுகில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை, மறுபக்கம் பீரோ. கண்ணாடி வைத்த பீரோ. அவள் கத்திப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். நடுராத்திரி தாண்டித்தான் ஒன்றைக் கவனித்தாள்: உட்கார வேண்டும் என்றே தனக்குத் தோன்றவில்லை. கால் வலிக்கவில்லை. தாகம் இல்லை. எவ்வளவு நேரமாகக் கண் சிமிட்டவில்லை என்று யோசித்தாள். தெரியவில்லை. வேண்டுமென்றே ஒருமுறை சிமிட்டினாள். இமைகள் மெல்ல இறங்கின. மெல்ல ஏறின. நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு, பிறகு ஏறின.

மறுநாள் விடுமுறைக் கூட்டம். எல்லாக் கவுண்டர்களிலும் வரிசை வளைந்து நெளிந்து நின்றது. நாலு பில் போட்டாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. சோப்பு, சிணுங்கல். பக்கெட், சிணுங்கல். பால் டப்பா, சிணுங்கல். குட்டியின் முகத்தை நினைத்துக்கொண்டே இருக்க முயன்றாள். பல் விழுந்த இடம் மேலேயா கீழேயா என்பது மறந்துபோயிருந்தது. நிறுத்தினால் எல்லாமே மறந்துவிடும் என்று பயந்து, மேலே, மேலே, மேலே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காயாத துணியின் வாசனை முதலில் வந்தது.

நிமிர்ந்தாள். அந்த அம்மாள் காலி டிராலியோடு வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்தாள். முந்திக்கொள்ளவில்லை. முறை வந்ததும் மடித்த பில்லை எடுத்து விரித்துக் கவுண்டரில் வைத்து, கடைசி வரியில் விரலை ஊன்றினாள். சூப்பர்வைசர் எங்கிருந்தோ வந்து நின்றார். கஸ்டமரிடம் பேசும்போது அவர் குரலே வேறு.

"எடுத்துக்கங்கம்மா. பத்திரமா வெச்சிருந்தோம்."

அந்த அம்மாள் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்தாள். நாலின் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். உதட்டை விரலால் விலக்கிப் பல்லைப் பார்த்தாள். கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள். கை தூக்கிய இடத்திலேயே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கியது. அதில் அந்த அம்மாளுக்குத் திருப்தி.

"இது பேசுமா?"

"ரொம்பப் பேசாதும்மா," என்றார் சூப்பர்வைசர்.

நாலு பேச வாயைத் திறந்தாள். வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்தாள், அடுத்தவரைப் பார்த்தாள். யாராவது ஒருவர் இது என்ன அநியாயம் என்று கேட்டால் போதும். மூன்றாவதாக நின்ற ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சீக்கிரம் குடுத்து அனுப்புங்க சார். ஐஸ்கிரீம் உருகுது."

அந்த அம்மாள் இப்போது நாலின் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பழைய தழும்பு. குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது கொதிக்கும் வெந்நீர் அவள் மேல் கவிழாமல் குறுக்கே கை நீட்டியதில் வந்தது. அந்த அம்மாள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இங்க அடிபட்டிருக்கே. காசு குடுத்துட்டு அடிபட்டதையா தூக்கிட்டுப் போறது? வேற காட்டுங்க."

நாலின் நெஞ்சுக்குள், நேற்றிலிருந்து அசையாமல் கிடந்த ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது.

"மாத்தித் தரலாம்மா. காசு மட்டும் திருப்பித் தர மாட்டோம்," என்ற சூப்பர்வைசர் இவள் பக்கம் திரும்பினார். "நாலு, இதே ரகத்துல வேற இருக்கா பாரு."

இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். கடையில் எது இருக்கிறது எது தீர்ந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்கிறவள் அவள். இல்லை என்றால் அந்த அம்மாள் தழும்போடு எடுத்துக்கொண்டு போவாள். தொட்டி, மூடி, பூட்டு. பல் விழுந்த இடம் மேலேயா கீழேயா. மேலே. மேலேதானே?

அப்போது மூணக்கா தன் வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சார், இருங்க. நான் அவங்ககிட்டப் பேசுறேன்," என்றாள். இவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கமிருந்து கவுண்டரின் குறுக்கே குனிந்து, உள்ளே நின்ற அந்த அம்மாளிடம் கெஞ்ச ஆரம்பித்தாள். இவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, பில்லில் நடந்த தவறுக்கு நானே காசு தருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். அவள் குனிந்ததில் அவள் கழுத்து அட்டை முன்னால் சரிந்து ஆடியது. கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே. கோடுகள் மேல் பக்கமாக இருந்தன. திருப்பினால் போதும். கொஞ்சம் தாழ்த்தினால் போதும்.

இரண்டு விரல் போதும்.

மெஷின் சிணுங்கியது.

மூணக்கா பாதி வாக்கியத்தில் நின்றாள். திரையைப் பார்த்தாள். இவள் விரல்களுக்கு நடுவில் இருந்த தன் அட்டையைப் பார்த்தாள். கோபம் வரவில்லை அவளுக்கு. ஏதோ கணக்குத் தப்பாகிவிட்டது, நாலு இப்போது சரிசெய்துவிடுவாள் என்பதுபோல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு திரையில் 'மாற்று' என்ற கட்டத்தைத் தட்டினாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, முடியைத் தூக்கி, தன் பின்கழுத்தைக் கண்ணாடியில் வைத்தாள். சூப்பர்வைசர் சாவி போட்டார். பில் வந்தது. கிழித்துக் கொடுத்தாள்.

அந்த அம்மாளும் சூப்பர்வைசரும் சேர்ந்து மூணக்காவைத் தூக்கி டிராலியில் வைத்தார்கள். முழங்கால்களை மடக்க வேண்டியிருந்தது. முழங்கைகளையும். மடக்கும்போது சத்தம் வந்தது. வரிசையில் நின்ற ஒருவர் டிராலியை ஆடாமல் பிடித்து உதவினார்.

"வீட்டுச் சாவி என்கிட்டதான்டி இருக்கு," என்றாள் மூணக்கா. மெதுவாக, இவளுக்கு மட்டும். "அம்மா உள்ள இருக்கா."

மடங்கிய கையின் நுனியில் சாவி தொங்கியது. எட்டினால் வாங்கிவிடலாம். அதற்குள் அந்த அம்மாள் அதை உருவி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது இதோட வந்ததுதானே என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். ஆமாம்மா என்றார் அவர். சாவி அவள் பைக்குள் போனது. டிராலி வாசலைக் கடந்தது. தூண்கள் அலறவில்லை.

நாலு அடுத்தவரின் பொருட்களை இழுத்துக்கொண்டாள். ஐஸ்கிரீம். சிணுங்கல். கை நடுங்கியது. நடுங்குகிறதே என்று மகிழ்ந்தாள். சாயங்காலமே சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு. குட்டி தூங்குவதற்குள். அந்தப் பூட்டிய வீட்டைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லலாம். நாளைக்கு.

"அத விடு," என்றார் சூப்பர்வைசர் பின்னாலிருந்து. "எழுந்திரு."

அவர் கையில் மஞ்சள் ஒட்டுவில்லைச் சுருள் இருந்தது.

"மாத்துறதுக்கு வந்த சரக்கக் கவுண்டர்ல வெக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

தெரியும். எத்தனை பொருட்களுக்கு இவளே ஒட்டியிருக்கிறாள். திரும்பி வந்தது எதுவும் பழைய இடத்துக்குப் போகாது. நசுங்கிய டப்பா, கைப்பிடி விட்ட குவளை, பெட்டி கிழிந்த பொம்மை. எல்லாம் கடையின் கோடியில், விளக்கு சரியாக எரியாத தட்டுகளுக்கு. பாதி விலைக்கு.

அவர் ஒரு வில்லையை உரித்தார். கன்னத்தில் ஒட்டினார். கட்டைவிரலால் நீவினார்.

கடைசித் தட்டு. இடுப்பு உயரம். நிற்க வைத்தார்கள். தலைக்கு மேல் குழல் விளக்கு. எரியும். அணையும். எரியும். ஒரு பக்கம் மூடி இல்லாத ஜாடி. இன்னொரு பக்கம் நசுங்கிய டப்பாக்கள். கை நடுக்கம் நின்றது. பிறகு விரல்கள். பிறகு கழுத்து. கண் மட்டும் மிச்சம்.

ஆட்கள் வந்தார்கள். ஜாடியைத் தூக்கிப் பார்த்தார்கள். இவளைத் தட்டிப் பார்த்தார்கள். வைத்துவிட்டுப் போனார்கள். எத்தனை நாள் என்று தெரியவில்லை. தூசி விழுந்தது. கண்ணிலும் விழுந்தது. சிமிட்ட முடியவில்லை.

பிறகு ஒருநாள், தட்டுகளுக்கு நடுவே ஒரு சின்னக் குரல். வளைவில் திரும்பி வந்தவள் குட்டி. கூடவே கணவன், கையில் கூடையோடு. குட்டி வளர்ந்திருந்தாள். நசுங்கிய டப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். நிமிர்ந்தாள்.

நேராக இவள் கண்ணுக்குள் பார்த்தாள்.

பல் விழுந்த இடம் மேலேதான். புதுப் பல் முளைத்திருந்தது.

குட்டி கையை நீட்டினாள். மஞ்சள் வில்லையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். மெதுவாக, நாக்கைத் துருத்திக்கொண்டு. வில்லையோடு கன்னமும் கொஞ்சம் உரிந்தது.

"தொடாத குட்டி," என்றான் அவன். "உடைஞ்சா நாமதான் வாங்கணும்."

குட்டி கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டாள்.

விழ வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். கீழே. அவர்கள் காலடியில். துண்டு துண்டாகப் போனாலும் பரவாயில்லை. பொறுக்கிப் பையில் போட்டு எடுத்துப்போவார்கள். வீட்டுக்கு. தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் திரட்டி முன்னால் சாய்ந்தாள். ஒரு நூல் சாய்ந்தாள். இன்னொரு நூல். தட்டு கிரீச்சென்றது. பாதங்களின் நுனி விளிம்பைத் தாண்டியது.

அவன் பார்த்துவிட்டான். கூடையைக் கீழே வைத்தான். இரண்டு கைகளாலும் அவளைப் பிடித்து, மிகக் கவனமாக, தட்டின் உள்பக்கமாகத் தள்ளினான். முதுகு சுவரில் இடிக்கும்வரை. அப்புறம் அந்த நசுங்கிய டப்பாக்களை எடுத்து, அவள் விழாதபடி, ஒவ்வொன்றாக முன்னால் அடுக்க ஆரம்பித்தான். முழங்கால் வரை. மார்பு வரை. கண் வரை.